பதினொன்று பத்து வாசகர்

சின்னுவுக்கு வலைப்பதிவு ஒன்று இருப்பது அவளுடைய அண்ணியைத் தவிர ஊருக்கே தெரியும். ஊர் என்றால் பெரிய ஊர் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு எண்பது பேர், மிஞ்சிப்போனால் நூறு பேர். அந்தக் காலத்தில் அதுவே பெருங்கூட்டம். கணினியில் தமிழ் தட்டத் தெரிந்த ஆளெல்லாம் ஒரு பதிவைத் திறந்து, ஆளுக்கொரு புனைபெயரைச் சூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவள் எழுதினால் அவர்கள் வந்து 'கலக்கிட்டீங்க' என்று பின்னூட்டம் போடுவார்கள். இவளும் சும்மா இருப்பாளா? அவர்கள் பக்கத்துக்கெல்லாம் போய் 'கலக்கிட்டீங்க' என்று போட்டுவிட்டு வருவாள்.

அங்கே அவள் பெயர் ஓரக்கண். பகலில் ஸ்கேன் சென்டரில் தட்டச்சு வேலை. டாக்டர் கோழி கிறுக்கியதுபோல் எழுதித் தருவதைப் பார்த்து, கல்லீரல் இயல்பாக உள்ளது, பித்தப்பை இயல்பாக உள்ளது என்று நாள் முழுக்கத் தட்ட வேண்டும். எட்டு மணி நேரம் அடுத்தவர் வயிற்றைப் பற்றியே தட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சொந்தமாக நாலு வரி எழுதத் தோன்றாது? அதில் தப்பே இல்லை. எதை எழுதினாள் என்பதில்தான் வந்தது வினை.

வீட்டில் இருந்தது இரண்டே பேர், சின்னுவும் அண்ணியும். அண்ணன் குளிர்சாதனப் பெட்டிகள் பழுதுபார்க்கும் வேலைக்காக வெளிநாடு போய் இரண்டு வருடம் ஆகிறது. அண்ணி வீட்டிலேயே தையல் வேலை பார்த்தாள். ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது, பேண்ட் நீளம் குறைப்பது. சின்னுவுக்குத் தனி அறை வேண்டும் என்று தையல் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு, மெஷினைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டவளும் அவள்தான். மெஷினுக்குப் பக்கத்து மேசையில் கணினி. அந்த அண்ணிக்குத்தான் ஓரக்கண் தன் பதிவில் 'மேலிடம்' என்று பெயர் வைத்திருந்தாள்.

மேலிடம் பிளாஸ்டிக் பைகளைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுகிறது என்று ஒரு பதிவு. மேலிடம் தொலைபேசியில் கணவரோடு பேசும்போது, தொலைபேசி இல்லாமலேயே அவருக்குக் கேட்டிருக்கும் என்று ஒரு பதிவு. மேலிடம் வெங்காயம் நறுக்கும்போது பாடினால் வெங்காயத்துக்கே கண்ணீர் வருகிறது என்று இன்னொன்று. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'மேலிடத்தின் அடுத்த அறிக்கை எப்போது?' என்று கேட்டு நச்சரித்தார்கள். சின்னுவுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணி மட்டும் இதைப் படித்துவிடக் கூடாது என்ற பயம் ஆரம்பத்தில் கொஞ்சம் இருந்தது. அண்ணியாவது, இணையமாவது! அண்ணனுக்கு மெயில் அனுப்பச் சொல்லிக்கொடுப்பதற்குள் இவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. மவுஸைப் பார்த்தாலே சுடுபாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொள்கிற ஆள் என்று அதையும் ஒரு பதிவாக்கினாள்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது அந்தக் கவுன் பதிவுதான். அண்ணன் விடுமுறைக்கு வரும் தேதி முடிவானதும் அண்ணி பச்சையில் மஞ்சள் பூப்போட்ட துணி வாங்கி, தானே வெட்டி, நாலு நாள் உட்கார்ந்து ஒரு நீள கவுன் தைத்தாள். விமான நிலையத்துக்குப் போட்டுக்கொண்டு போக. கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கு சின்னு? உண்மையைச் சொல்லு" என்று கேட்டாள். "சூப்பரா இருக்கு அண்ணி! அண்ணன் அடையாளமே கண்டுபிடிக்க மாட்டாரு" என்றாள் இவள். சொல்லி முடித்த கையோடு அறைக்குள் போய்க் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அன்று மாலையே பதிவும் போட்டாள். சோபாவுக்குக் கை முளைத்துக் கண்ணாடி முன் நின்றது என்று எழுதினாள். உட்கார இடம் கிடைத்ததென்று விமான நிலையத்தில் யாராவது மேலே உட்கார்ந்துவிடப் போகிறார்கள் என்று எழுதினாள். நாற்பத்தேழு பின்னூட்டங்கள். பாவி, ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னாள்.

அதற்கப்புறம் வீட்டில் சில மாற்றங்கள். அண்ணி பாடுவதை நிறுத்தினாள். அண்ணன் கூப்பிட்டால் தொலைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமே வெளியே வருவதில்லை. கொடியில் பைகள் தொங்கவில்லை. ஒரு நாள் கணினிக்குத் தூசி படாமலிருக்கப் புது உறை தைத்துப் போட்டிருந்தாள், பச்சையில் மஞ்சள் பூ. மிச்சத் துணி போலிருக்கிறது என்று சின்னு நினைத்துக்கொண்டாள். அவள் யோசித்ததெல்லாம் பதிவுக்கு விஷயம் குறைந்துபோயிற்றே என்பதுதான். 'மேலிடம் மௌன விரதம்' என்று அதையும் எழுதினாள்.

இந்த நேரத்தில்தான் 'பதினொன்று பத்து' அவள் கண்ணில் பட்டார். பதிவின் மூலையில் வருகைகளை எண்ணும் கவுன்ட்டர் ஒன்று இருந்தது. யார், எங்கிருந்து என்றெல்லாம் சொல்லாது. நேரத்தை மட்டும் காட்டும். தினமும் காலை பதினொன்று பத்துக்கு, ஞாயிறு தவிர, ஒருவர் வந்து படித்துவிட்டுப் போகிறார். பின்னூட்டம் கிடையாது, வம்பு கிடையாது. ஓய்வுபெற்ற பேராசிரியராக இருக்கும், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிப்பாராக இருக்கும் என்று சின்னு தானே ஒரு உருவம் கட்டிக்கொண்டாள். தன்னுடைய நூறாவது பதிவை அவருக்கே சமர்ப்பணம் செய்தாள். 'நீங்கள் யாரோ, எவரோ! என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் நீங்கள்தான்' என்று உருகி எழுதினாள்.

நடுவில் ஒரு முறை, வேலையில் தலைவலி பிராணனை எடுக்கிறது என்று இவள் புலம்பிய பதிவுக்குப் பெயரில்லாமல் ஒரு பின்னூட்டம் வந்தது. 'கண் டாக்டரை பாக்கவும். ராத்திரி ரொம்ப நேரம் ஸ்கிரீன் பாக்க வேண்டாம்.' எழுத்துக்கு எழுத்து தேடித் தட்டியது மாதிரி இருந்தது. 'அனானி அவர்களே, நீங்களும் ஒரு மேலிடமோ? எனக்கு வீட்டில் ஒன்று இருப்பதே போதும்' என்று பதில் போட்டாள் ஓரக்கண். அதற்கும் பத்துப் பேர் சிரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலைப்பதிவர்கள் எல்லாரும் நேரில் சந்திப்பது என்று ஏற்பாடு. கணினிப் பயிற்சி மையம் ஒன்றில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினாலு பேர். ஆபீஸில் அவசர வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சின்னு போயிருந்தாள். எல்லாருடைய பதிவுக்கும் இலவசமாகப் பழுது பார்த்துத் தரும் ஸ்பானர் என்பவர், நூறாவது பதிவுக்குப் பரிசாக அவளுக்குப் போன வாரமே புது கவுன்ட்டர் பொருத்தியிருந்தார். சுவரில் திரை கட்டி அதைப் போட்டுக் காட்டினார்.

"இது நேரத்தை மட்டும் காட்டாது. எந்த இணைப்புலேர்ந்து வராங்கன்னு நம்பரையும் காட்டும். வீட்டுக்கு வீடு நம்பர் வேற. இப்ப நம்ம பதினொன்று பத்து யாருன்னு பாத்துருவோமா?"

"பாத்துருவோம், பாத்துருவோம்!" என்று ஒரே கூச்சல்.

ஸ்பானர் விரலால் திரையில் தேடினார். திடீரென்று தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அட என்னங்க ஓரக்கண்! நீங்க பதிவு போடற நம்பரும் இதுவும் ஒண்ணுங்க. உங்க வீடேதான். உங்க பதிவுக்கு நீங்களே தீவிர ரசிகையா?"

கொல்லென்று சிரித்தார்கள். கூடச் சேர்ந்து சின்னுவும் சிரித்தாள், வாய் மட்டும். காலை பதினொன்று பத்துக்கு அவள் ஸ்கேன் சென்டரில் பித்தப்பை தட்டிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள். காலை வேலையை முடித்து, தேநீரை எடுத்துக்கொண்டு உட்காரும் ஆள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தவள் திரும்பிப் போகவில்லை.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒவ்வொரு பதிவாக ஞாபகம் வந்து குத்தியது. பைகள். பாட்டு. மவுஸ். மௌன விரதம். படித்தவள் முகத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. சமர்ப்பணம் வேறு! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சோபா ஞாபகம் வந்ததும் இவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்து இருக்கையிலிருந்த யாரோ ஒருத்தி, "என்னம்மா, மயக்கமா?" என்று கேட்டு இடம் கொடுத்தாள். உட்கார மனம் வரவில்லை.

வீட்டில் அண்ணி மெஷினில் குனிந்து ஒரு பேண்ட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"என்ன அதுக்குள்ள வந்துட்ட? சந்திப்பு அஞ்சு மணி வரைக்கும்னு போட்டிருந்தியே?"

சின்னு மேசைக்குப் போய்க் கணினி உறையைக் கழற்றி உட்பக்கமாகத் திருப்பினாள். உள்ளே கழுத்தை மூடித் தைத்த தையல் இருந்தது. அண்ணனுக்குப் பிடிக்கும் என்று வைத்த சின்னப் பாக்கெட் ஒரு பக்கம் அப்படியே இருந்தது. மிச்சத் துணியில்லை. கவுனேதான்.

"எப்பலேர்ந்து அண்ணி?"

"நீ மெயில் போடக் கத்துக்குடுத்த மறுவாரத்துலேர்ந்து. மேல கட்டத்துல ஒரு எழுத்து தட்டினா மீதி தானா வரும்னியே. மெயிலுக்குப் பதிலா உன் பதிவு வந்துச்சு."

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "முதல்ல நானும் சிரிச்சேன், தெரியுமா? பையைத் துவைச்சுக் காயப்போடறதைப் படிச்சுட்டு, யாரோ நம்மளை மாதிரியே ஒருத்தி இருக்கா பாருன்னு. பாதிக்கு மேலதான் அது நம்ம வீட்டுப் பைன்னு புரிஞ்சுது."

"அப்புறமும் எதுக்குப் படிச்சீங்க?"

"வேற எப்படிடி எனக்கு உன்னைத் தெரியும்? ஆபீஸ் விட்டு வந்தா 'பசிக்குது'ங்கற, 'தூக்கம் வருது'ங்கற. மூணாவதா ஒரு வார்த்தை பேசினியா? உனக்குத் தலைவலின்னு அதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை எழுதிப் பாத்தேன். அதுக்கும் நல்லா பதில் குடுத்த."

சின்னு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டே, "மன்னிச்சிருங்க அண்ணி. எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடறேன்" என்றாள். அவள் அழுதால் அண்ணியின் கை தானாக அவள் தலைக்கு வந்துவிடும், எத்தனையோ வருடப் பழக்கம். இன்றைக்கு அந்தக் கை பேண்ட்டின் மேலேயே இருந்தது.

"அழி. சிரிச்சாங்களே நாப்பத்தேழு பேரு, அவங்களை என்ன பண்ணுவ?"

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. சொன்னா உன்னைத் திட்டுவாரு. எதுக்குத் திட்டறோம்னு ஒரு தடவை உட்காந்து படிப்பாரு. அவரு அதைப் படிக்க வேண்டாம்."

உறையை மடியில் வைத்துக்கொண்டு, "இதைப் பிரிச்சு மறுபடி தைக்கலாம் அண்ணி. இன்னும் ஒன்பது நாள் இருக்கு. நான் கூட உட்காந்து பிரிக்கறேன்" என்றாள் சின்னு.

"வெட்டினது வெட்டினதுதான். பழசு நல்லாத்தான் இருக்கு, அதுவே போதும்." அண்ணி மெஷினில் ஊசியை இறக்கினாள். அப்புறம் அவளைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இதையும் எழுதிடுவியா சின்னு?"

"சத்தியமா மாட்டேன் அண்ணி. சத்தியமா."

"சரி."

அன்று மாலையே நூற்றுச் சொச்சம் பதிவுகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். வெறும் பக்கமும் மூலையில் ஸ்பானரின் கவுன்ட்டரும் மிஞ்சின. அதை எடுக்க அவளுக்குத் தெரியவில்லை. ஸ்பானரைக் கேட்க முகமும் இல்லை. இனிமேல் அங்கே யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் வேலைக்கு நடுவில் மனசு கேட்காமல் ஒரு முறை திறந்து பார்த்தாள். பதினொன்று பத்து. ஒரு வருகை. அவர்கள் வீட்டு நம்பர். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. வீட்டில் அண்ணி எப்போதும் போலத் தட்டில் பரிமாறினாள், கண் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன் என்றாள், ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. சின்னு இப்போது ஆபீஸ் கதையெல்லாம் சொன்னாள், வலிந்து வலிந்து சொன்னாள். அண்ணி எல்லாவற்றுக்கும் "அப்படியா?" என்றாள்.

அண்ணன் வந்த நாளில் விமானம் மதியம் இரண்டு மணிக்கு. அரை நாள் வேலையை முடித்துக்கொண்டு நேராக விமான நிலையத்துக்கு வந்துவிடுவதாகச் சின்னு சொல்லியிருந்தாள். அண்ணி பழைய சாம்பல் நிற உடையில் வீட்டிலிருந்து பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு வருடம் கழித்துக் கணவன் வருகிறான். செய்ய எத்தனை வேலை இருக்கும்? சின்னு 'கல்லீரல் இயல்பாக உள்ளது' என்று தட்டி நிறுத்திவிட்டு, அந்த வெறும் பக்கத்தைத் திறந்தாள்.

பதினொன்று பத்துக்கு அண்ணி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள், எழுதிவிட்டாளா என்று.