பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் படித்தவர்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் நீட்டுகிற தெம்பு இப்போது எனக்கில்லை. இது ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து வந்தது.

எங்கள் வட்டார நூலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர் துண்டுச் சீட்டில் தன் அபிப்பிராயத்தை எழுதிப் போட வேண்டும். பெயர் வேண்டாம், வயது மட்டும் போதும். என் நாவலுக்கு வந்த சீட்டுகளை நூலகர் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து என் கையில் கொடுத்தார்.

"உங்க புத்தகத்துக்கு வந்த சண்டை வேற எதுக்கும் வரலக்கா. எடுத்துட்டுப் போங்க, என் மேஜையில இடமில்ல."

நாவல் இதுதான்: அறுபத்திரண்டு வயதுப் பெண்ணும் அறுபத்தாறு வயது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பதினெட்டு அத்தியாயம் விரும்புகிறார்கள். பத்தொன்பதாவதில், சேர்ந்து வாழலாமா என்று அவர் கேட்கிறார். மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிப் போய்விடுகிறாள்.

2

சில சீட்டுகளை அப்படியே தருகிறேன்.

வயது 24: "அந்த அம்மா ஏன் வேண்டாம் என்றார்? கோபத்தில் புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். நூலகப் புத்தகம் என்பதால் கட்டில் மேல் எறிந்தேன்."

வயது 58: "பேரப்பிள்ளைகளைத் தூக்கும் வயதில் இதெல்லாம் தேவையா? எழுதியவருக்கு வீட்டில் வேறு வேலை இல்லையா?" (இதே கையெழுத்தில் இரண்டு வாரம் கழித்து இன்னொரு சீட்டு: "மறுபடியும் எடுத்துப் படித்தேன். என் கருத்தில் மாற்றமில்லை.")

வயது 71: "அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டா இல்லையா என்று எங்குமே எழுதவில்லை. அதைக் கேட்காமல் எந்தப் பெண் முடிவெடுப்பாள்?"

நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றவே இல்லை.

வயது 39: "மகள் எதிர்த்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பத்தொன்பது அத்தியாயத்தையும் தேடிப் பார்த்துவிட்டேன். அவள் எதிர்ப்பாள் என்று அம்மாவேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்."

அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். 'த'வின் வாலைக் கீழே இழுத்து எழுதும் பழக்கத்தை என் மகளுக்கு ஆறு வயதில் நான் திருத்தப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

3

சரி, கதையைத் தொடங்க வேண்டும்.

அவள் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தபோது மழை பெய்துகொண்டி...

பெய்யவில்லை. நல்ல வெயில். எது எழுத வரவில்லையென்றாலும் மழையைக் கூப்பிட்டே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். வெட்கக்கேடு.

தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்து ஓய்வுபெற்ற, கணவரை இழந்த ஒரு பெண் தன் கண்ணாடியின்...

என்ன 'ஒரு பெண்'? நான்தான். இன்னும் யாருக்காக மறைத்துக்கொண்டிருக்கிறேன்?

கண்ணாடியின் இடது கால் தளர்ந்திருந்தது. அவர் திருகாணியை முறுக்கி, என் காதுக்குப் பின்னால் பொருத்திப் பார்த்து, மறுபடி கழற்றினார். கழற்றியபோதுதான் கேட்டார். எதிரே இருக்கும் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியாத நேரமாகப் பார்த்துக் கேட்டாரோ என்னவோ.

"எழுத்தாளரம்மா, நீங்களும் தனியா சமைச்சுத் தனியா சாப்பிடறீங்க. நானும் அப்படித்தான். எதுக்கு ரெண்டு அடுப்பு? சேர்ந்து இருந்துடலாமா?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுதக் கை கூசுகிறது.

"ஒரு நாவல் எழுதிட்டிருக்கேன். அதை முடிச்சுட்டுச் சொல்றேன்."

(கேட்டுக்கொள்ளுங்கள் ஐயா! கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா! உலகத்தில் வேறு எந்தத் தொழில் செய்பவளுக்காவது இப்படி ஒரு பதில் வாயில் வருமா?)

4

நாவலில் அவருடைய தொழிலை மாற்றவில்லை. மாறுவேடமாக ஒரு மீசை மட்டும் வைத்தேன். தொழில் விவரம் சரிதானா பாருங்கள் என்று கையெழுத்துப் பிரதியையும் அவரிடமே கொடுத்தேன். பதில் நேரில் சொல்லத் துணிவில்லை. காகிதம் சொல்லட்டும் என்று விட்டேன். அதுதான் உண்மை.

பத்து நாள் கழித்துத் திருப்பித் தந்தார். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். "காய்ந்த துணியால் லென்ஸைத் துடைக்க மாட்டோம், முதலில் தண்ணீர்." "இந்த ஃப்ரேம் இந்த முகத்துக்குச் சேராது." பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஒரு கோடுகூட இல்லை. "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை எடுக்கவே இல்லை.

என் பதிலைப் படித்துவிட்டுப் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. பதினான்கு மாதம் அப்படியே போயிற்று.

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. அவர் மேல் இல்லை.

5

மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். சீட்டை எடுத்துக்கொண்டு அவளுடைய மதிய இடைவேளைக்குப் போனேன். குழாய்களை வரிசையாக நிறுத்தி எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"வீட்டுக்கு வந்து என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேடி."

"நீ என்கிட்ட நேரா கேட்டியாம்மா?" கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். "நூலகத்துல எல்லாரும் என்னை எப்படிப் பாக்கறாங்க தெரியுமா? அம்மா வாழ்க்கையைக் கெடுத்தவன்னு. நான் என்ன பண்ணேன்? உனக்குப் பயம். அந்தப் பயத்தைத் தூக்கி என் தலையில கட்டிட்ட."

"அது கதைடி."

"ஆமா, கதைதான் விடற." அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். "அவர் கடையைப் பார்ட்னர்கிட்ட ஒப்படைக்கறாராம். சனிக்கிழமை அவரோட தம்பி ஊருக்குப் போறாராம், ஒரேயடியா. என் கண்ணாடியை வாங்கப் போனப்ப சொன்னார். உன்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. அன்று வெள்ளிக்கிழமை.

6

பதிப்பாளர் இரண்டாம் பதிப்பு போடுகிறார். "முடிவை மட்டும் மாத்திக் குடுங்க, வாசகர்கள் கேக்கறாங்க" என்கிறார். பரிசோதனைக் கூடத்திலிருந்து கண்ணாடிக் கடைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து மூன்று முடிவுகளை யோசித்தேன்.

(அ) அவள் திரும்பி வருகிறாள். அவர் வாசலிலேயே நிற்கிறார். வயது 24 மகிழ்வார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. பதினான்கு மாதம் எவர் வாசலில் நிற்பார்? கால் வலிக்காதா?

(ஆ) அவள் திரும்பி வரும்போது கடை பூட்டியிருக்கிறது. இதை எழுதினால் இலக்கியம் என்பார்கள். எழுத எனக்கு மனமில்லை. பஸ் சிக்னலில் நின்றபோது ஓட்டுநரை மனதுக்குள் வைதேன்.

(இ) அவள்...

நிறுத்தம் வந்துவிட்டது.

7

கடை திறந்திருந்தது. சோதனை லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லாமலே கிளம்பறீங்களே" என்றேன். கோபமாகச் சொல்ல நினைத்தேன், கெஞ்சலாக வந்தது.

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க எழுதற வேலையில இருப்பீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு..."

"எழுதி முடிச்சு, அச்சாகி, ஊரே படிச்சு என்னைத் திட்டியும் ஆச்சு. நீங்கதான் முதல்ல படிச்சவரு. படிச்சுட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அப்படியே விட்டுடுவீங்களா?"

அவர் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தார்.

"நான் முழுசா படிக்கலையே."

"என்னது?"

"பதினெட்டோட நிறுத்திட்டேன். அடுத்ததுல அவர் கேப்பார்னு தெரிஞ்சுபோச்சு. அந்தம்மா என்ன சொல்வாங்களோன்னு..." தலையைத் தடவிக்கொண்டார். "படிச்சுட்டா அதுதான் பதில்னு ஆயிடும்ல? நீங்களா வந்து சொல்வீங்கன்னு விட்டுட்டேன். நீங்க வரல. சரி, இந்த வயசுல என்னன்னு நானும் தம்பிகிட்ட வரேன்னு சொல்லிட்டேன்."

நான் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பேர் திட்டினார்கள், எத்தனை பேர் அழுதார்கள், ஒருவர் சர்க்கரை அளவுகூடக் கேட்டார். யாருக்காக எழுதினேனோ அந்த ஆள் படிக்கவே இல்லை!

"அந்தம்மா கடைசியில என்னதான் சொன்னாங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். பொய்தான் சொன்னேன். முழுப் பொய். நாற்பது வருடம் கதை எழுதிய எவளும் அந்த அளவுக்கு நாக்குத் தடுமாறிப் பொய் சொல்லியிருக்க மாட்டாள்.

அவர் அட்டைப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். பிறகு, "நெஜமாவா? நான் வேற மாதிரி இருக்கும்னு பயந்துட்டிருந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி காலையில வண்டியோட வந்துடுவானே" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

இதோடு நிறுத்துகிறேன். சனிக்கிழமை வண்டி யாரை ஏற்றிக்கொண்டு போயிற்று, காலியாகப் போயிற்றா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு அலுத்துவிட்டது, ஒரு முடிவை எழுதிவிட்டுப் பட்டது போதும். ஒரே ஒரு வேண்டுகோள். நாவலைப் படித்தவர்கள் யாராவது எங்காவது அவரைப் பார்த்தால், பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் பற்றி வாயைத் திறந்துவிடாதீர்கள். நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார்.