வெளுத்த பொறவுதான்

...எழுந்திருக்கப் போவதில்லை, என்ன ஆனாலும் சரி, கூரையே இடிந்தாலும் இந்தப் போர்வைக்கு மேல்தான் விழ வேண்டும், என்று பாண்டிசெல்வி கண்களை இறுக மூடிக்கொண்டாள். மில் சங்கு ஊதி ஓய்ந்தது. மற்ற நாளென்றால் அந்தச் சங்குக்கு முன்பே அடுப்படியில் நிற்பாள், ஒரு அடுப்பில் பால், இன்னொன்றில் குக்கர், ஒரு கை தேங்காயைத் துருவிக்கொண்டிருக்கும்... இன்றைக்கு அது வேறு யாருக்கோ ஊதுகிறது, ஊதட்டும். பக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது. அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி எழுந்துவிட்டார், முதல் ஷிப்டுக்குப் போகிற மில் பிட்டர். எழுந்தவர் ஏன் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்? கல்யாணமான நாளிலிருந்து தான் கண் விழிக்கும் நேரத்தில் பெண்டாட்டி பக்கத்தில் படுத்திருந்து பார்த்ததில்லை இந்த மனுசன், அதனால் இருக்கும். லைட்டைப் போட்டார், இமைக்குள் சிவப்பாகப் பரவியது. இருமினார். இருமட்டும். நேற்றுச் சோறு போடும்போதே சொல்லவில்லையா, நாளையிலிருந்து வெளுத்த பொறவுதான் எந்திரிப்பேன், அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்துக்கிடுங்க என்று? அப்பனும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்களே, இப்போது சிரிக்க வேண்டியதுதானே.

“ஏட்டி செல்வி... மேலுக்கு முடியலயா?”

“நல்லாத்தான் இருக்கு. அப்பிடியே இருக்கணும்னுதான் படுத்திருக்கேன்.”

அவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார், போகட்டும். மேலுக்கு முடியாமல் போனால்தான் படுக்கலாம் என்று யார் சொன்னது, காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள், கை போனால் படுத்துக்கொள்... போன மாசம் கைதான் போயிருக்கும். பேண்டேஜ் கம்பெனியில் கட்டிங் மிசினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், வெள்ளைத்துணி ஓடி வருகிறது, வெள்ளை, வெள்ளை, வெள்ளை, அது எப்போது தூக்கமாக மாறியதென்று இன்றுவரை தெரியவில்லை, மாரிக்கனி அலறி முழங்கையைப் பிடித்து இழுத்ததுதான் தெரியும். கூட வேலை பார்க்கிறவள், பிடித்த கையை விடாமலேயே கேட்டாள். “எக்கா, நின்னுக்கிட்டே தூங்குதியே, வீட்டுல படுக்கவே மாட்டியா?” அவளேதான் பஸ் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனாள், மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு டாக்டரம்மா. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த டாக்டரம்மா உப்பைக் குறைங்க, வாக்கிங் போங்க, மூச்சுப்பயிற்சி பண்ணுங்க, மனசுல எதையும் போட்டுக்காதீங்க என்றாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தாள் செல்வி. நாளெல்லாம் நிற்கிற காலுக்கு வாக்கிங்கா? “எவ்வளவு நேரம்மா தூங்குறீங்க?” என்று கடைசியாகக் கேட்டபோதுதான் அழுகை வந்தது. எதற்கு வந்தது? அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அதற்காக இருக்குமோ?

“எம்மா, கொண்டைக்கடலைய எங்க ஊற வச்சிருக்க?” வாசல்படியில் நிற்பது மகன் விமல், போலீஸ் செலக்சனுக்கு ஓடுகிறான், விடிகாலையில் கிரவுண்டைச் சுற்றிச் சுற்றி.

“ஊற வைக்கலய்யா.”

“முட்டை?”

“கோழிகிட்ட இருந்து கடைக்கு வந்து, கடையில இருந்து வீட்டுக்கு வந்திருச்சு. இனி நீ அடுப்புல வச்சா வெந்திரும்.”

சொல்லிவிட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இந்த வாய் இம்புட்டு நாள் எங்கே இருந்தது? அவன் ஓட்டத்துக்கு ஊறவைத்த கடலை, அவருடைய சர்க்கரைக்குக் கேப்பைத்தோசை, இனிப்பில்லாத டீ, அவர் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, இவன் காலுக்கு வெந்நீர்... இந்த வீட்டில் உடம்பைப் பேணாத ஆளே இல்லை, அம்புட்டு ஆரோக்கியமும் அவள் தூங்காமல் இருந்ததில் வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல, சொன்னால் கணக்குப் பார்க்கிறாள் என்பார்கள்.

அடுப்படியில் லைட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது, ஐயோ, கேஸ் குமிழை அமுக்கித் திருப்ப வேண்டும் என்றுகூடத் தெரியாதா, மில்லில் அத்தனை பெரிய மிசினைப் பிரித்து மாட்டுகிற மனுசனுக்கு... பிடித்துவிட்டது. பாத்திரம் வைக்கிற சத்தம், வேண்டுமென்றே வைக்கிற சத்தம். பொறவு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் பயமாக இருந்தது, பால் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறாரா, இல்லை வாசலுக்குப் போய்விட்டாரா, பால் விளிம்புக்கு வரும் நேரம் அவள் உடம்புக்குத் தெரியும், இப்போது, இதோ இப்போது... ஸ்ஸென்று பொங்கியது, தீய்ந்த வாடை ஹாலைத் தாண்டி வந்தது. வலது கால் தானாக இறங்கிவிட்டது. தரை சில்லென்றது. அந்தக் காலையே பார்த்தாள், யாரைக் கேட்டு இறங்கினாய்? அடுப்பைத் துடைத்தால் தீர்ந்தது, பால்தானே, அன்றைக்கு மட்டும் மாரிக்கனி இழுக்காமல் இருந்திருந்தால்... காலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி தூக்கிப் போர்வைக்குள் போட்டாள்.

“ஏலே, தோசைக்கல்லுல ஒட்டுதுடா இது!” “எண்ணெய் விட்டீங்களாப்பா?” “விட்டேன்லா!” “கல்லு காயவே இல்லப்பா...” செத்த நேரம் கரண்டி சுரண்டும் சத்தம், அப்புறம் விமல் களுக்கென்று சிரித்தான், சங்கிலிப்பாண்டியும் சிரித்துவிட்டார், ரெண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டு. அவள் போர்வைக்குள் அசையாமல் கிடந்தாள். எத்தனை ஆயிரம் தோசை சுட்ட அடுப்படி, அதற்குள் இப்படி ஒரு சிரிப்பு அவள் நிற்கும்போது கேட்டதில்லையே. பிய்ந்த தோசையைத் தின்றுவிட்டு ஒருத்தரும் செத்துப்போகவில்லை. சந்தோசம்தான் பட வேண்டும், பட்டாள் என்றே வைத்துக்கொள்ளலாம், நெஞ்சுக்குள் என்னவோ ஒன்று மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நின்றார் சங்கிலிப்பாண்டி. “நாளைக்கும் இப்பிடித்தானா?”

“நாளைக்கும்தான்.”

“ஊருல எல்லா வீட்டுலயும் பொம்பளைங்க எந்திரிக்கத்தான் செய்தாங்க.”

“அவங்களுக்கும் சேத்துத்தான் படுத்திருக்கேன். லைட்ட அணைச்சிட்டுப் போங்க.”

முறைத்தார். சாயங்காலம் பேசிக்கிடுவோம் என்றார். பேசுவோம், அவளுக்கென்ன, பேசுவதற்குத் தெம்போடு இருப்பாள் இன்றைக்கு. லைட் அணைந்தது. கேட் படாரென்று சாத்திக்கொண்டது, வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது, விமல் அதற்கு முன்பே கிரவுண்டுக்குப் போயிருந்தான். வீடு முழுக்க அவளுக்கே. ஜன்னல் இன்னும் வெளுக்கவில்லை, இனி யார் எழுப்ப, தூங்கு செல்வி, தூங்கு... மாவுச்சட்டியை மூடினார்களா? பிரிட்ஜ் கதவை அழுத்திச் சாத்தாவிட்டால் திறந்துகொள்ளுமே, சாத்திய சத்தம் கேட்டதா? கேட்கவில்லை. தண்ணீர் சொட்டுவது அடுப்படிக் குழாயா, பின்கட்டுக் குழாயா, அடுப்படிதான்... அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இத்தனை நேரமும் படுத்திருந்தது உடம்பு மட்டும்தான், லைட்டருக்குப் பக்கத்திலும் பாலுக்குப் பக்கத்திலும் தோசைக்கல்லுக்குப் பக்கத்திலும் ஒருத்தி நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறாள், இப்போதும் நிற்கிறாள். அவளை எப்படி வந்து படுக்கச் சொல்வது? டாக்டரம்மா அதைச் சொல்லவில்லையே. குழாய் சொட்டியது. சொட்டட்டும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துக் காதோடு மூடிக்கொண்டாள், மூடிய பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள்.