உள்ளே விட்ட துணி

தையல்காரர் வீட்டு வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடி, வீட்டைவிட்டுப் போன அவருடைய மகள் அன்றைக்கு என்ன நிறத்தில் உடுத்துகிறாளோ அந்த நிறத்தில் விடிந்தது. மஞ்சள் என்றால் மஞ்சள், கட்டம் போட்டது என்றால் கட்டம். செடியைத் தொட்டியில் வைத்தவளே அவள்தான். லாரி பழுதுபார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டு அவள் ஆற்றுக்கு அக்கரையில் குடிபோன மறுநாள் இது தொடங்கியது. பாலம் தாண்டிப் போய்வரும் பால்காரர் அவளைப் பார்த்துவிட்டு வந்து, நிறம் சரிதான் என்றார். தெருவில் கொஞ்ச நாள் கூட்டம் கூடியது. பிறகு, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைத் தெரிந்துகொள்வதுபோல் இதையும் தெரிந்துகொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அவள் போகிற அன்று தையல்காரர் ஒரு வார்த்தை விட்டிருந்தார். "இனிமே உனக்காக ஊசியில நூல் கோக்க மாட்டேன்." மற்ற அப்பாக்கள் முகத்தில் முழிக்காதே என்பார்கள், இவர் வாயில் வந்தது இது. சொன்ன சொல் தவறாத மனுஷன். வாடிக்கையாளரிடம் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொல்வது மட்டும் அந்தக் கணக்கில் சேராது.

ஒரு நாள் கோபத்தில் தொட்டியை மாடிப்படிக்கு அடியில் தள்ளினார். குரோட்டன்ஸுக்கு வெயில் வேண்டும். நிழலில் கிடந்ததும் இலையெல்லாம் வெறும் பச்சைக்குத் திரும்பின. அந்த வாரம் அவர் ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கைகளை வைத்துத் தைத்தார். அப்புறம் யாரும் சொல்லாமலே தொட்டியை வெயிலுக்கு இழுத்தார். இலைகளை ஈரத்துணியால் துடைப்பதும், நுனி கிள்ளுவதும், மாவுப்பூச்சியை சோப்புத் தண்ணீரால் கழுவுவதும் அவர் வேலையாகிப்போயின. கிள்ளினால் வடியும் பால் பட்டால் துணியில் கறை போகாது. தையல்காரருக்கு ஆகவே ஆகாத செடி. இருந்தும் எழுந்ததும் கால் அங்கேதான் போகும்.

"இன்னிக்கு என்ன கலருங்க?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"எனக்கென்ன தெரியும்? ஏதோ ரோஸ்."

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம் செடி நீலத்தில் விடிந்தது. மறுநாளும் நீலம். அதற்கு மறுநாளும் அதேதான். அவளுக்கு அவரே தைத்துக் கொடுத்த பழைய கவுனின் நீலம். "மாத்துத் துணிக்கு வழியில்லாம கிடக்குறாளோ?" என்று மனைவி கண்ணைத் துடைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். வெளுத்த நீலத்தின் இரண்டு ஓரங்களிலும், இலையின் நடுப்பாகத்தில் மட்டும், புதுக்கருக்குக் கலையாத கருநீலப் பட்டை ஓடியது. வளர்கிற பெண் என்று அவர் எப்போதும் அவளுடைய உடுப்பில் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பார். வெயிலே படாத அந்தத் துணிதான் இது. தையலைப் பிரித்து விட்டிருக்கிறாள். அதுவும் இடுப்பில் மட்டும், தோளைத் தொடவில்லை. கடையில் வாங்கிய மற்ற உடுப்புகளில் பிரித்து விட ஒன்றும் இருந்திருக்காது.

"அழாதடி. உம் பொண்ணு முழுகாம இருக்கா," என்றார். உடனே கோபம் வந்தது. "தையல் போட்டிருக்கறதப் பாரு, கோணலும் மாணலுமா! எம் பொண்ணு போடுற தையலா இது?"

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாலத்தைக் கடந்தார். கதவைத் திறந்த மகள் நீலக் கவுனில் நின்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் டேப்பை வயிற்றில் சுற்றினார். மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி மருமகனுக்கு ஜாடை காட்டினார்.

"எனக்காக நூல் கோக்க மாட்டேன்னீங்களேப்பா?"

"உனக்குன்னு யாரு சொன்னா? உள்ள இருக்கறதுக்குத் தைக்கிறேன். நீ சும்மா நில்லு."

அவள் சிரித்தாள், அழுதாள், ஆனால் ஆடாமல் நின்றாள்.

குழந்தை பிறந்த பிறகு செடியில் பெரிய இலைகளுக்கு நடுவே வேறு நிறத்தில் பொடி இலைகளும் துளிர்த்தன. தையல்காரர் அவற்றைக் கிள்ளுவதில்லை. பேரக்குழந்தைக்குப் புதுச் சட்டை வெட்டும் நாளில் வாசலுக்குப் போய், ஒரு பொடி இலையை டேப்பால் அளந்து, இரண்டு விரல் கூடுதலாக விட்டு வெட்டுகிறார்.