பச்சை பெயிண்ட் அடித்த சங்கிலி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெட்டில்டா சர்ச் ஆராதனையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். அன்றைக்குக் கைப்பையில் ஒரு சின்னச் சுத்தியலோடு, பன்னிரண்டு வருஷமாக மூடிக் கிடக்கும் ஃபோர்ஜிங் கம்பெனியின் பின்சுவர் ஓட்டையில் குனிந்து நுழைந்துகொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் முட்டி மடங்க மறுத்தது.

"பாத்து ஆன்ட்டி, கம்பி குத்திடப் போகுது" என்று கை கொடுத்தான் ஷ்யாம்சுந்தர். மேடவாக்கத்தில் குடியிருக்கும் ஐ.டி. ஆள். அவனும் கூட வேலை பார்க்கும் விஷ்ணுப்ரியாவும் லீவு நாளில் பாழடைந்த கட்டடமாகத் தேடிப் போய்ப் படம் பிடிப்பவர்கள். இந்தக் கம்பெனியை அடுத்த வாரம் இடிக்கிறார்கள், அதற்குள் பார்க்க வருகிறவர்கள் வரலாம் என்று ஃபேஸ்புக்கில் படத்தோடு போட்டிருந்தார்கள். வந்தது மெட்டில்டா மட்டும்தான்.

"போட்டோகிராஃபி ஹாபியா ஆன்ட்டி?" என்று கேட்டாள் விஷ்ணுப்ரியா.

"ஆமாம்மா."

"கேமரா?"

"போன்லயே எடுப்பேன்."

உள்ளே கூரைத் தகடுகள் பாதிக்கு மேல் போயிருந்தன. வெயில் துண்டு துண்டாக விழுந்தது. மோட்டாரில் இருந்த செம்பு, வால்வில் இருந்த பித்தளை, எல்லாவற்றையும் திருடர்கள் கொண்டு போய்விட்டார்கள். காய்ச்சிய இரும்பை அடித்து வடிக்கும், தூக்க முடியாத பெரிய ஹேமர் மட்டும் புறா எச்சத்தோடு நின்றது. அது ஓடும்போது தரை அதிரும். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். இப்போது வெளியே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. மெட்டில்டாவுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

"இது இன்னா மெஷின்? லிஃப்டா?" என்று மெட்ராஸ் பாஷை பேசிக் கிண்டலடித்தான் ஷ்யாம்.

"ஹேமர்" என்றாள் மெட்டில்டா. "நான் இங்க பதினோரு வருஷம் செக்கிங்ல இருந்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சொல்லவே இல்ல! ஒரு இன்டர்வியூ எடுக்கலாமா?" என்றாள் விஷ்ணுப்ரியா.

"அப்புறம்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

காய்ச்சிய இரும்பைத் தூக்கும் சங்கிலிகளை மாதம் ஒரு முறை சோதிப்பது அவள் வேலை. தொங்கவிட்டு வளையம் வளையமாகச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல வளையம் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது செத்த சத்தம் போடும். நல்லதற்குப் பச்சை பெயிண்ட். கெட்டதற்குச் சிவப்பு சாக்பீஸில் குறுக்குக்கோடு, கீழே தட்டியவரின் நம்பர். ஹேமர் ஓடும்போது எதுவும் காதில் விழாது என்பதால், மதியச் சங்கு ஊதி எல்லாம் நின்ற பிறகுதான் தட்டுவது வழக்கம்.

அந்த ஒரு நாள் மட்டும் ஃபோர்மேன் அவசரப்படுத்தினார். சங்கு ஊத இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. ஹேமர் ஓட ஓட மெட்டில்டா பேருக்குத் தட்டினாள், பச்சை அடித்தாள். நாலாம் நாள் சங்கிலி அறுந்து, சிவக்கக் காய்ந்த இரும்பு, கூட வேலை பார்த்த எலியேசர் மேல் விழுந்தது. நிற்கக் கூடாத இடத்தில் நின்றார் என்று பழியை அவர் மேலேயே எழுதிக் கேஸை முடித்தார்கள். கொஞ்ச நாளில் கம்பெனியும் மூடியது.

எலியேசரின் மனைவி ரத்தினபாய் அஸ்தினாபுரத்தில்தான் இருக்கிறாள். ஞாயிறுதோறும் சர்ச்சில் தன் பக்கத்தில் மெட்டில்டாவுக்கு இடம் போட்டு வைப்பாள். முடிந்து வரும்போது செத்த புருஷனைத் திட்டுவாள். "அந்த ஆளு அங்க போய் இன்னாத்துக்கு நின்னான்? குடும்பத்த நெனச்சானா?" பன்னிரண்டு வருஷமாக அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டு மெட்டில்டா பேசாமல் நடந்து வந்திருக்கிறாள். பிறகு தன் ஒற்றை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

கேஸ் சமயத்தில் அந்தச் சங்கிலியைச் செக்கிங் ரூமில் மாட்டி, அறைக்குச் சீல் வைத்திருந்தார்கள். அதன் சுவர் போன மழையில்தான் விழுந்தது என்பதை இவர்கள் போட்ட படத்தில் பார்த்திருந்தாள். அறுந்த வளையத்தை மட்டும் அன்று எடுத்துப் போயிருந்தார்கள். மீதிச் சங்கிலி இன்னும் கொக்கியில் தொங்கியது. துருவுக்கு இடையே அவள் அடித்த பச்சை.

சுத்தியலை எடுத்தாள். முதல் வளையம் கணீரென்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்று, நான்கு, ஐந்து. அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

"செம சவுண்ட் ஆன்ட்டி! ரெகார்ட் பண்றேன், அப்படியே போங்க."

ஆறாவது, தொப்.

மறுபடி தட்டினாள். தொப்.

"அந்த ஒண்ணு மட்டும் நல்லால்ல, எடிட்ல தூக்கிடலாம்" என்றான் ஷ்யாம்.

துருவாலும் சத்தம் சாகும். அவள் வீட்டுச் சாவியால் வளையத்தைச் சுரண்டினாள். முடி போல ஒரு கோடு. போன் வெளிச்சத்தை அடித்துக் கண்ணைக் கிட்டே கொண்டு போனாள். விரிசல் பிறகு வந்திருந்தால் பெயிண்ட் பிளந்து, உள்ளே வெறும் துருதான் இருக்கும். இங்கே விரிசலுக்குள்ளும் பச்சை இறங்கியிருந்தது. அவள் பிரஷ் படும்போதே விரிசல் இருந்திருக்கிறது. அறுந்து போனது இதற்கு அடுத்த வளையம்.

பைக்குள் துழாவினாள். இப்போது அவள் பள்ளிக்கூட லேபில் உதவியாளர். பையில் எப்போதும் சாக்பீஸ் கிடக்கும். சிவப்பைப் பொறுக்கி வளையத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டாள். அடியில் இடம் போதவில்லை. பக்கத்து வளையத்தில் தன் நம்பரை எழுதினாள்: 214.

"யாருக்கு ஆன்ட்டி மார்க் பண்றீங்க? அடுத்த வாரம் ஜே.சி.பி. வந்துடும்."

மெட்டில்டாவின் போன் அடித்தது. ரத்தினபாய்.

"இன்னா மெட்டில்டா, எங்க கீற? பிரசங்கமே ஆரம்பிச்சாச்சு. ஒன் எடத்துல பைய வெச்சிகினு எல்லார்கிட்டயும் சண்ட போட்டுகினு கீறேன். ஒடம்பு சரியில்லியா?"

"கம்பெனில இருக்கேன் அக்கா."

"எந்தக் கம்பெனி?"

"நம்ம கம்பெனிதான்."

மைக்கில் போதகர் குரல் மட்டும் தூரத்தில் கேட்டது.

"அங்க இன்னாத்துக்குடி போன?"

"வீட்டுக்கு வரேன், நேர்ல சொல்றேன். நீ என்னை உள்ள விடலன்னாலும் பரவால்ல, வாசல்ல நின்னே சொல்லிட்டுப் போயிடறேன்." சாக்பீஸ் தூள் ஒட்டிய கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் நிக்க வேண்டிய எடத்துலதான் நின்னாரு. இனிமே அவர திட்டாத அக்கா."