பன்னிரண்டாம் பாடம்

கிங்ஸ்லி மாஸ்டர் ஊசியும் நூலும் கேட்டார். குண்டூசி போதாதாம். பெட்டியைத் தூக்கும்போது தோள்பட்டி நழுவினால் சங்கத்துக்கே இழுக்காம்.

ஹோலின் நடுவே பெட்டிக்குள் செபஸ்தியாம்பிள்ளை கிடந்தார். கல்யாணக் கோட்டுத்தான் போட்டிருந்தது. நான்கு மாத நோய்க்குப் பிறகு அதற்குள் இன்னொருவரும் புகலாம். நெஞ்சுக்குக் குறுக்கே நீலப் பட்டில் பொன்னெழுத்து: 'மதுவொழிப்புச் சங்கம் – கௌரவ செயலாளர்.' உடம்பு வற்றிப் போனதில் 'கௌரவ' என்பது கக்கத்துக்குள் போய்விட்டது.

"தைக்க வேணாம் மாஸ்டர்," என்றாள் தலைமாட்டில் இருந்த பீற்றிஸ். "அவர் இனி எங்க அசையப் போறார்?"

"அவ்வாறு சொல்லலாகாது, மிஸிஸ் செபஸ்தியாம்பிள்ளை. நாம் ஒரு மாமனிதரை வழியனுப்புகிறோம்." மாஸ்டர் பள்ளிக்கூட உப அதிபராக இளைப்பாறிப் பத்து வருடம் ஆகியும் காலைக் கூட்டத்தில் இருந்து இன்னும் இறங்கவில்லை. வீட்டில் உப்புக் கேட்பதும் இந்தத் தமிழில்தான் என்று ஊரில் பேச்சு. "அடுத்தது கொடி. ஊர்வலத்தின் முன்னால் சங்கக் கொடி செல்ல வேண்டும். அது உங்கள் வீட்டு அலுமாரியில் அல்லவா இருக்கிறது? திறப்பைத் தாருங்கள்."

பீற்றிஸின் கை தானாகவே கழுத்துக்குப் போனது. சங்கிலியில் சிலுவையோடு சேர்த்து அந்தத் திறப்பு தொங்கியது.

"மறுகா பாப்பம் மாஸ்டர். இன்னும் சுவாமி வரல்லையே."

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒலிவாங்கியைச் சரிபார்க்கப் போனார்.

சங்கத்துக்குக் கட்டடம் கிடையாது. சுனாமிக்குப் பிறகு ஏதோவொரு நிறுவனம் கொடுத்த இரும்பு அலுமாரிதான் அதன் சொத்து. அது செபஸ்தியாம்பிள்ளையின் எழுத்தறையில் நின்றது. மேல் தட்டுகளில் கூட்டக் குறிப்புகள். கீழ்த் தட்டில் கொடியும் பதாகைகளும். பதாகைகளுக்குப் பின்னால், 'குடி குடியைக் கெடுக்கும்' என்று எழுதிய துணி போர்த்தி, பழைய சாராயம் ஒரு போத்தல், ஜின் அரைப் போத்தல், வெர்மூத் ஒன்று, இரண்டு கிளாஸ், ஒரு சின்ன டொனிக் போத்தல்.

அந்தச் சின்னப் போத்தலைத்தான் பீற்றிஸ் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். இன்று சனிக்கிழமை. எல்லாரும் போகும்வரை அலுமாரி பூட்டியே இருந்தால் போதும்.

சங்கத்தில் பதினொரு பேர். ஒன்பது பேருக்குக் குடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கிங்ஸ்லி மாஸ்டருக்கு மனைவி சொல்லியிருந்தாள். யாரும் சொல்லாமலே குடிக்காமல் இருந்தவர் செபஸ்தியாம்பிள்ளை ஒருவர்தான். ஆனால் அவரைச் செயலாளராக்கியது அந்த ஒழுக்கம் இல்லை, கையெழுத்து. கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்தவர். அவர் எழுதினால் கூட்டத்தில் யாரும் பேசாததுகூடப் பேசியது போல இருக்கும்.

நான்கு வருடத்துக்கு முன் சங்கத்துக்குப் பொன்விழா வந்தது. விருந்தினருக்குப் போதையில்லாத பானம் ஒன்று தேடும் பொறுப்பு செயலாளருக்கு. ஃபோனில் தேடினார். இரண்டு பழரச வீடியோவுக்குப் பிறகு, சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு வெள்ளைக்காரன் தானாகவே வந்து, வீட்டிலிருந்தபடி கொக்டெயில் கலக்கப் பழகுகிறவர்களுக்குப் பன்னிரண்டு பாடம் என்றான். அசலைக் கலக்கத் தெரிந்தால்தான் அதில் மதுவைக் கழிக்கலாம் என்றும் சொன்னான். செபஸ்தியாம்பிள்ளைக்கு அது நியாயமாகப் பட்டது. மூலப்பிரதி இல்லாமல் நகல் எடுப்பது எப்படி?

"இஞ்சாருங்க, சங்கத்துக்குத் தெரிஞ்சா?" என்று கேட்டாள் பீற்றிஸ்.

"சங்கத்துக்காகத்தானே செய்யிறன்."

கொப்பியில் கோடு போட்டார். பாடம், திகதி, சேர்மானம், பிழை, திருத்தம். முதல் பாடத்திலேயே ஓர் அவுன்ஸ் வந்தது. அவுன்ஸ் என்றால் அவருக்கு நிறை. பரணில் கிடந்த கடிதம் நிறுக்கும் தராசை இறக்கி, கிளாஸை அதன்மேல் வைத்து, சாராயத்தைத் தபாலில் அனுப்பப் போகிறவர் மாதிரி நிறுத்தார். பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு கிடைக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்பு வாங்கி, தோடம்பழத் தோலும் கறுவாவும் சேர்த்து ஊறவைத்தார். பிழையைக் கண்டுபிடிக்க இன்னொரு நாக்கு வேண்டும் என்று மனைவியிடம் நீட்டினார்.

"பேதி மருந்து," என்றாள் அவள்.

பிழை என்ற நிரலில் 'பேதி மருந்து' என்று அழகாக எழுதினார். திருத்தம்: 'நிலவேம்பைக் குறைக்க.'

பொன்விழாவில் கடைசியில் தேசிக்காய்த் தண்ணிதான் கொடுத்தார்கள். பாடங்கள் மட்டும் நிற்கவில்லை. சனிக்கிழமை ஆறரைக்கு வீதிப் பக்க ஜன்னலைச் சாத்தி, வாவிப் பக்க ஜன்னலைத் திறப்பார். தராசு போய், வயிற்றெரிவு மருந்தோடு வந்த முப்பது மில்லிக் கிண்ணம் அளவுக்கு வந்தது. ஆட்டிக் கலக்குவதற்கு ஜாம் போத்தல். ஒருநாள் அதன் மூடி பறந்து திருஇருதயப் படத்தில் தெறித்துவிட்டது. யேசுவின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரண்டு பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகுதான் சிரித்தார்கள். பிழை நிரல் வெறுமையாகும்வரை ஒரே பாடம் மாதக்கணக்கில் நடக்கும். அந்த ஒரு மணித்தியாலம் அவர் கந்தோர்க் கதை சொல்லமாட்டார், அவள் பிள்ளைகளின் கதை சொல்லமாட்டாள். வாவியில் தோணி போகும். பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பன்னிரண்டாம் பாடத்துக்கு வெர்மூத் என்ற மூலிகை வைன் வேண்டியிருந்தது. போன உயிர்த்த ஞாயிற்றுக்குக் கட்டாரில் இருந்து வந்த மகன் ஜசிந்தன் கொண்டுவந்தான், சுவாமிக்கு அன்பளிப்பு என்று நம்பி. அவன் திரும்பிப் போன கிழமையே நோயின் பெயர் தெரிந்தது.

கட்டிலில் விழுவதற்கு முதல்நாள் செபஸ்தியாம்பிள்ளை எழுத்தறைக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். சாராயம் நாலு கிண்ணம், வெர்மூத் இரண்டு, பிட்டர்ஸ் நாலு துளி. டொனிக் போத்தலில் ஊற்றி மூடி, தாள் ஒட்டி எழுதினார்: 'பாடம் 12. மன்ஹட்டன். இருவருக்கு.'

"இதில பழச்சாறு இல்ல, பழுதாகாது," என்றார். "ஐஸில கிளறினாச் சரி. அது உனக்கும் ஏலும்."

"நீங்க எழும்பி வந்து கிளறுங்க."

வியாழக்கிழமை மாலை அவர் கண் திறந்து, "பீற்றிஸ், அந்தச் சின்னப் போத்தல்... இண்டைக்கு ஊத்துவமா?" என்று கேட்டார். கட்டிலைச் சுற்றி கிங்ஸ்லி மாஸ்டரும் சங்கத்தாரும் முழந்தாளில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் செபத்தை நிறுத்தாமலே ஒரு கண்ணைத் திறந்தார்.

"மருந்து கேக்கிறார்," என்றாள் பீற்றிஸ்.

அதே கிண்ணத்தை எடுத்து, அடிக் கோடு வரை நோவுக்கான மோபின் பாணியை ஊற்றிக் கொடுத்தாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். மேலே, முப்பது என்று எழுதியிருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு குடித்தார். வெள்ளி விடியும்போது போய்விட்டார்.

"தங்கச்சி."

பெட்டியடியில் பீற்றிஸ் நிமிர்ந்தாள். வாசற்படியில் அசனார் காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். காத்தான்குடியில் ஐஸ் வியாபாரம். சனிக்கிழமைகளில் ஐயாவின் தேசிக்காய்த் தண்ணிக்கு என்று கீறலில்லாத ஒரு கட்டி கொண்டுவருகிறவர். இன்றைக்கும் அவர் கையில் சாக்குச் சுற்றிய பொட்டலம் இருந்தது. கீழே சொட்டியது.

"சனிக்கிழம எண்டு கைப்பழக்கத்தில வெட்டிட்டன் தங்கச்சி. வெட்டின பொறகுதான் நெனப்பு வந்திச்சி. திருப்பிக் கொண்டு போகவும் மனசு வரல்ல."

"தாங்க காக்கா." அவள் மகளைக் கூப்பிட்டாள். "சுஜீவா, இதக் குசினியில வை. ஆரும் உடைக்கப் போறாங்க, சொல்லி வை."

"இவ்வளவு சனத்துக்குச் சர்பத் கரைக்க ஐஸ் இல்ல எண்டு நிக்கிறாங்க அம்மா."

"உடைக்கக் கூடாதெண்டு சொன்னன்."

சுஜீவா தாயை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, ஒரு கையில் ஐஸும் மறு கையில் ஃபோனுமாகப் போனாள். ஃபோனுக்குள் கட்டாரில் இருந்து ஜசிந்தன் அழுதுகொண்டிருந்தான். அவனுக்கும் கொஞ்ச நேரம் குசினி தெரிந்தது.

சுவாமி வந்துவிட்டார். எல்லாரும் எழுந்தார்கள். கிங்ஸ்லி மாஸ்டர் நேரே பீற்றிஸிடம் வந்து கையை நீட்டினார்.

"திறப்பு."

"நான் எடுத்துத் தாறன் மாஸ்டர்."

"பெட்டியடியை விட்டு நீங்கள் எழும்புவதா? பார்ப்போர் என்ன சொல்வார்கள்?"

"குடுங்களம்மா," என்றாள் சுஜீவா, திரும்பி வந்து. "கொடிதானே."

சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியைக்கூடக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு பார்த்தார்கள். பீற்றிஸ் சங்கிலியைக் கழற்றினாள். சிலுவையில் சிக்கிய திறப்பை எடுக்க விரல் உதவவில்லை. மாஸ்டரே எடுத்துக்கொண்டு எழுத்தறைக்குள் போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டது.

சுவாமி செபத்தைத் தொடங்கினார். பீற்றிஸுக்கு வாய் மட்டும் அசைந்தது. அலுமாரிக் கதவு கிரீச்சிட்டது. பிறகு ஒன்றுமில்லை. ஒரு 'அருள்நிறை மரியே' முடிந்தது. மூன்று முடிந்தது. இந்நேரம் அவர் அந்தத் துணியைத் தூக்கியிருப்பார். இப்போது வெளியே வந்து, அந்தத் தமிழில், ஒலிவாங்கியில்... அவள் பெட்டிக்குள் பார்த்தாள். செபஸ்தியாம்பிள்ளை எந்தக் கவலையும் இல்லாமல் நீலப் பட்டியோடு கிடந்தார். பத்து முடிந்தது.

கதவு திறந்தது. கிங்ஸ்லி மாஸ்டர் கொடியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நேராகத்தான் வந்தார், வழக்கத்தைவிட நேராக. வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. கிட்டே வந்து திறப்பை அவள் உள்ளங்கையில் வைத்தபோது கராம்பு மணத்தது. கராம்புக்குப் பின்னால் இன்னொன்றும். தோடம்பழத் தோலும் கறுவாவும் நிலவேம்பும் சேர்ந்த ஒரு மணம். அதை இந்த ஊரில் அறிந்த மூக்கு இரண்டே இரண்டு. அதில் ஒன்றில் பஞ்சு வைத்திருந்தது.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அலுமாரிய இப்ப திறக்க வேணாம்," என்றார். "சங்கத்துக்கு அவசரமில்ல."

அவர் வாயில் இருந்து சாதாரணப் பேச்சு வந்து பீற்றிஸ் கேட்டது அதுதான் முதல் தடவை.

சேமக்காலையில், குழியடியில், மாஸ்டர் பேசினார். நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "ஒரு துளி! ஒரு துளிகூட இந்த உதடுகளைத் தீண்டியதில்லை!" என்ற இடம் வரைக்கும் கடதாசியைப் பார்த்து வாசித்தார். அதற்குப் பிறகு கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

"செபஸ்தியாம்பிள்ளை செய்த எந்த வேலையிலும்," என்றார், குரல் உடைந்து, "அளவு பிசகாது. எனக்குத் தெரியும். ஒரு சொட்டுக் கூடாது. ஒரு சொட்டுக் குறையாது."

சனம் அழுதது. இவ்வளவு வருடத்தில் மாஸ்டர் பேசி யாரும் அழுதது கிடையாது. சங்கத்து ஒன்பது பேரும் கண்ணைத் துடைத்தார்கள். பீற்றிஸ் அழவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து, நீலப் பட்டியை மூடியிருந்த பலகையின் மேல் போட்டாள்.

வீட்டுக்கு வந்து கால் கழுவியபோது ஆறு மணி தாண்டிவிட்டது. அயலில் இருந்து சோறும் பருப்பும் வந்திருந்தன. சுஜீவா தலைக்குத் தண்ணீர் வார்க்கக் கிணற்றடிக்குப் போனாள். முற்றத்தில் வாடகைக் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம்.

பீற்றிஸ் குசினியில் இருந்த சாக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுத்தறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வீதிப் பக்க ஜன்னலை மூடினாள். வாவிப் பக்கத்தைத் திறந்தாள்.

அலுமாரிக்குள் துணி ஒழுங்காக மடித்துப் போர்த்தியிருந்தது. செபஸ்தியாம்பிள்ளையின் மடிப்பில்லை, பள்ளிக்கூடத்துக் கொடி மடிப்பு. சாராயப் போத்தலைத் தொட்டிருக்கவில்லை. ஜின்னும் அப்படியே. டொனிக் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தாள். 'இருவருக்கு' என்று எழுதிய தாளுக்கு நேரே, சரி பாதியில் நின்றது.

வியாழக்கிழமை அவர் கட்டிலில் கிடந்து கேட்டார். மாஸ்டர் முழந்தாளில் நின்றார் என்று அவள் கொடுக்கவில்லை.

மேசையில் கிண்ணம் கிடந்தது. அடியில் மோபின் பாணி காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தானையை நனைத்துத் துடைத்தாள். இரண்டு கிளாஸையும் எடுத்து வைத்தாள். ஐஸை அவர் எப்படி உடைப்பார் என்று இத்தனை நாள் பார்த்திருக்கிறாள், செய்ததில்லை. கத்திப் பிடியால் தட்டினாள். வலது கிளாஸுக்குப் பெரிய துண்டும் இடதுக்குச் சின்னதும் விழுந்தன. கிளறுவதற்கு நீளக் கரண்டி எது என்று தெரியவில்லை. சும்மா விட்டாள்.

மூன்று கிண்ணம் இருந்தது. ஒன்றை வலது பக்கத்தில் அவருடைய கிளாஸில் ஊற்றினாள். ஒன்றைத் தன்னுடையதில். மூன்றாவதை நிறைத்தாள். முப்பது என்ற கோட்டில், கூடாமல் குறையாமல் நின்றது.

அதைக் கையில் பிடித்தபடி இரண்டு கிளாஸையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாவியில் ஒரு தோணி பாலத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தது. கிணற்றடியில் வாளி விழுந்தது. வலது கிளாஸில் இருந்த பெரிய ஐஸ் துண்டில் மெல்ல ஒரு கீறல் ஓடியது.