லோஷினியின் டெஸ்ட் பொய் சொல்லாது

மென்பொருளைச் சோதிக்க லோஷினி எழுதிய டெஸ்ட் தோல்வி என்று சொன்னால் தோல்விதான். ஜொகூர் பாருவில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யாரும் அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

அங்கே அவர்கள் செய்வது டீபக்கர், அதாவது மற்ற நிரல்களின் கோளாறைத் தேடிப் பிடிக்கும் கருவி. அதற்கு உடன் வேலை செய்யும் விவேக் ஒரு புதுக் கட்டளை எழுதியிருந்தான். அதைக் கொடுத்தால் சோதிக்கப்படும் நிரல் பின்னணியில் ஓடும். டீபக்கர் காத்துக் கிடக்காமல் 'அடுத்து என்ன?' என்று உடனே கேட்கும். நிரல் எங்காவது நின்றால் 'நின்றுவிட்டது' என்று செய்தி வரும். இதையெல்லாம் தானாகவே ஓட்டிப் பார்க்கும் டெஸ்டை எழுதியது லோஷினி. விவேக்கின் முதல் பெரிய வேலை அது. அடுத்த வெளியீட்டில் அது சேர்ந்தால்தான் அவனுக்கு அங்கே ஒரு பெயர்.

புதுக் கணினிகள் வந்ததிலிருந்து டெஸ்ட் ஒரு நாள் தேறியது, ஒரு நாள் தோற்றது.

"லோஷினி, உன் டெஸ்ட்லயும் ஏதாச்சும் இருக்கான்னு பாரேன்," என்றான் விவேக்.

"என் டெஸ்ட்ட நான் பாத்துக்கிறேன். நீ உன் கோட பாரு லா."

அவள் பார்க்கவே இல்லை. மேலாளர் ஹேமநாதன் கூட்டத்தில், "யாரு பக்கம் தப்பு?" என்று கேட்டபோதும், "டெஸ்ட்ல தப்பில்ல பாஸ்," என்று அடித்துச் சொன்னாள். விவேக் வாரக்கணக்கில் தன் நிரலைத் தோண்டித் துருவினான். ஒன்றும் அகப்படவில்லை. கட்டளையை வெளியீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே அவன் வேலையை விட்டுவிட்டு, பத்து பாகாட் ஊரில் அப்பா நடத்தும் துணிக்கடைக்குப் போய்விட்டான்.

பிறகு ஹேமநாதனே அந்தக் கட்டளையை முதலிலிருந்து வேறு மாதிரி எழுதினார். டெஸ்ட் அதே இடத்தில் தோற்றது.

அப்போதுதான் லோஷினி தன் டெஸ்டைத் திறந்தாள். முதலில் 'அடுத்து என்ன?', அதன் பிறகே 'நின்றுவிட்டது'. இந்த வரிசையில் வந்தால் மட்டும் தேர்ச்சி என்று எழுதி வைத்திருந்தாள். புதுக் கணினியின் வேகத்தில், சோதனைக்கு ஓட்டும் சின்ன நிரல் சில நேரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடி நின்றுவிடுகிறது, 'நின்றுவிட்டது' செய்தி முந்திக்கொள்கிறது. இரண்டும் வந்தால் போதாதா, எது முன்னால் வந்தால் என்ன? அவன் கேட்ட அன்றைக்கே திறந்து பார்த்திருக்கக் கூடாதா!

ஹேமநாதனிடம் மறைக்காமல் சொன்னாள். "அவன திரும்பக் கூப்பிடுங்க. இடம் இருக்கு," என்றார் அவர்.

சனிக்கிழமை அவளே காரை எடுத்துக்கொண்டு பத்து பாகாட்டுக்குப் போனாள். அவன் வாய்க்கு வந்தபடி திட்டுவான், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று வழியெல்லாம் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

விவேக் திட்டவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அப்போ நான் எழுதினது சரியா?" என்றான்.

"அன்னிக்கே சரிதான் விவேக். தப்பு முழுக்க என்னோடது. மன்னிச்சிடு. திரும்பி வா."

"மொதல்ல உன் டெஸ்ட்டத்தான் சந்தேகப்பட்டேன். எல்லார் முன்னாடியும் நீ அவ்ளோ உறுதியா சொன்னதும் நானும் நம்பிட்டேன்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "இப்ப எழுத உக்காந்தாலே, எனக்குத் தெரியாம உள்ள ஏதோ தப்பு இருக்குன்னு தோணுது. கை ஓட மாட்டேங்குது. வேணாம் லோஷினி."

அவள் கெஞ்சினாள். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அதற்குள் ஒரு மலாய்ப் பெண்மணி வந்து, பாஜு கூரோங் உடை தைக்க நாலு மீட்டர் துணி கேட்டார். விவேக் துணியை விரித்து அளந்தான். கத்தரியை எடுத்தவன், அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அளந்தான். வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவன் இன்னொரு முறை அளந்தான்.

பிறகு துணியை அப்படியே பிடித்துக்கொண்டு லோஷினியிடம் கேட்டான்:

"நாலு மீட்டர்தானே இது?"