வினிதாவின் இடது காது

"இது அடிபட்டதால வந்தது இல்லம்மா," என்றார் டாக்டர் மெஹ்னாஸ்.

ஸ்கேன் படம் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. காதுக்குள் அடுத்தடுத்து மூன்று குட்டி எலும்புகள். நடுவில் இருப்பதற்குப் பட்டடை எலும்பு என்று பெயராம். அதிலிருந்து ஒரு கால் நீண்டு அடுத்த எலும்பைத் தொட வேண்டும். வினிதாவின் இடது காதில் அந்தக் கால் வளரவே இல்லை. டாக்டர் பேனா முனையால் காட்டினார். அம்மா மங்கை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், நெத்திலி முள்ளைக்கூட விட மாட்டாள். இதில் ஒரு மண்ணும் தெரியவில்லை.

"கன்னத்துல பலமா ஒரு அறை வுட்டா இப்டி ஆவாதா?"

"அடின்னா எலும்பு இடம் மாறியிருக்கும், இல்ல உடைஞ்சிருக்கும். இங்க அப்படி எதுவும் இல்ல. வயித்துல இருக்கும்போதே இப்படித்தான் உருவாகியிருக்கு. இதுக்கு யாரும் காரணம் இல்ல. ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம்."

வேறு ஒரு தாயாக இருந்தால் அந்த வார்த்தைக்காக டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். மங்கையோ எங்கேயாவது ஒரு விரிசல் தெரியாதா என்று மறுபடியும் படத்தில் தேடினாள்.

அவள் புருஷன் ரகுபதி காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் கரையேறினால் நேரே வீட்டுக்கு வந்த சரித்திரமே கிடையாது. குடிப்பான், குடித்தால் கை நீளும். வினிதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மங்கை வியாபாரத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவளை ஓங்கி அறைந்துவிட்டான். இடது கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கு அந்தப் பக்கம் காது கேட்கவில்லை என்று தெரியவந்தது. அறைதான் காரணம் என்று தெருவே சொன்னது. மங்கையும் சொன்னாள், ரகுபதியும் நம்பினான். யார் அடித்தது என்று கேட்பார்களே என்ற பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. இப்போது வினிதாவின் புது வேலைக்கான உடல் பரிசோதனையில் மாட்டிக்கொண்டதால்தான் ஸ்கேன் வரைக்கும் வந்தது.

ஆனால் அன்றைக்குக் குடியை விட்டவன்தான் ரகுபதி. பிறகு பாட்டிலையும் தொடவில்லை, யார் மேலும் கையையும் வைக்கவில்லை. எப்போதாவது குரல் உயர்ந்தால் மங்கை தன் இடது காதைத் தொட்டுக் காட்டுவாள். மனுஷன் கப்சிப். இப்படி ஒரு பிடி எந்தப் பெண்டாட்டிக்குக் கிடைக்கும்?

பஸ்ஸில் வினிதாதான் பேச்சை எடுத்தாள். "நைனா கைல சொல்லணும்மா. பாவம், எத்தினி வருசமா மனசுல வெச்சிகினு கீது."

"வாயத் தொறந்தே, தெரியும். எம்மேல தப்பில்லன்னு தெரிஞ்சா நாளைக்கே சாராயக் கடைல போயி நிப்பாரு. அப்போ நீ கொழந்த. அடி வாங்குனது நானு."

வினிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் ரகுபதி சோறு வடித்து, மீன் வறுத்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் காத்திருந்தான். மகளிடம் கேட்கும் தைரியம் அவனுக்கு என்றுமே இருந்ததில்லை. வினிதா முகம் கழுவப் போனதும் பெண்டாட்டியைத்தான் கேட்டான்.

"இன்னா சொன்னாங்க?"

"ஆபரேசன் பண்ணலாமாம்."

ரகுபதி தன் இடது காதைத் தொட்டான். "என் காத எடுத்து அதுக்கு வெக்க முடியுமான்னு கேட்டியா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எதற்கெல்லாமோ தயாராக வந்த மங்கை இதற்குத் தயாராக இல்லை. அவள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை, பயந்தவள், அவ்வளவுதான். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்து துள்ளவில்லை, பெருமூச்சுகூட விடவில்லை. கேள்விதான் கேட்டான்.

"அப்போ பொறந்ததுலேர்ந்தே அந்தாண்ட கேக்காதா?"

"கேக்காது."

"அன்னிக்கும் கேக்கலியா?"

"எப்டியா கேக்கும்?"

ரகுபதியின் முகம் கோணிக்கொண்டது. "டிவி சத்தமா ஓடிகினு இருந்துச்சு. அத்தப் பாத்துகினு குந்தியிருந்தா. நான் அந்தாண்டப் பக்கமா நின்னுகினு கூப்புடறேன், திரும்பல. மறுக்கா மறுக்கா கூப்புட்டேன். பெத்த புள்ளகூட நம்மள மதிக்கலியேன்னு ஆத்திரம். அதான் அறைஞ்சேன்."

மங்கை ஏன் அடித்தாய் என்று அவனை ஒருநாளும் கேட்டதில்லை. குடிகாரனுக்குக் காரணம் வேறு வேண்டுமா என்று இருந்துவிட்டாள்.

"அதான் உம்மேல தப்பில்லன்னு டாக்டரே..." என்று ஆரம்பித்தாள்.

"காது கேக்காத புள்ளயப் போயி, கூப்புட்டா திரும்பலன்னு அடிச்சிருக்கேன், மங்க."

இந்த ஆள் இனி எந்தக் காலத்திலும் குடிக்க மாட்டான் என்று மங்கைக்குத் தெரிந்துபோயிற்று. அதில் அவளுக்குத் துளிகூடச் சந்தோஷமில்லை.